படகுப் பாலத்தில் கயிறு வெட்டியவர்

என் அக்கா ஸைனோவைக் கட்டியவர் வர்யாம். சட்லஜ் ஆற்றின் வடகரையில், சபராவ் துறையில், அவருக்கும் அவருடைய அண்ணன் இலாஹிக்கும் ஆளுக்கொரு படகு இருந்தது. சீக்கியரின் கால்சாப் படைக்கும் பரங்கிக்கும் நடந்த முதல் சண்டையில், எங்கள் துறைக்கு எதிரே பாலம் அறுந்து எத்தனை பேர் ஆற்றோடு போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. பாலத்தை அறுத்தது யார் என்பதற்கு மட்டும் ஊருக்கு ஒரு கதை உண்டு. பெரிய சர்தார்களின் சதி என்பார்கள். பரங்கியின் குண்டு என்பார்கள். ஆறே விழுங்கிவிட்டது என்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பாலத்தில் ஒரு கயிற்றை வெட்டியது என் மச்சான் என்பது மட்டும் தெரியும். அதன் பிறகு அவர் என்ன பாடுபட்டார் என்பதும், அதில் பாதி என்னால் வந்தது என்பதும் தெரியும்.

மச்சானுக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் கால் பாவாது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை, அந்தக் கரைக்குப் போனால் இந்தக் கரை. நிக்காஹ் அன்று மௌல்வி துஆ ஓதி முடிப்பதற்குள் இரண்டு தரம் எழுந்து போய்ப் படகைப் பார்த்துவிட்டு வந்தாராம். "என்னையா கட்டின? அந்தப் படகைத்தான் கட்டின" என்று அக்கா வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினாள். "படகு இவ்வளவு பேசாதே" என்பார் அவர்.

அந்தக் குளிர்காலத்தில் கால்சாப் படை ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போனது. அங்கே இரண்டு பெரிய சண்டைகளில் அடிபட்டு, திரும்பவும் ஆற்றோரத்துக்கே வந்து, எங்கள் துறைக்கு நேர் எதிரே மண்மேடுகள் எழுப்பிக்கொண்டு உட்கார்ந்தது. படையின் முதுகுக்குப் பின்னால் ஆறு. அதைக் கடக்கப் படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பி, பலகைமேல் நாணலும் மண்ணும் கொட்டி ஒரு பாலம் போட்டார்கள். மேலும் கீழும் இருந்த துறைகளில் ஒரு படகை விடவில்லை.

எங்கள் துறைக்கு வந்தவர் பாலவேலைக்குப் பொறுப்பான ஒரு சீக்கியத் தச்சர். கையில் உளி, காதிடுக்கில் கரித்துண்டு.

"படகோட படகுக்காரனும் வரணும்" என்றார்.

"கட்டிப்போட்ட படகுக்குப் படகுக்காரன் எதுக்கு சர்தார்ஜி?" என்றார் மச்சான். "கழுதையக் கட்டிப்போட்டா பக்கத்துல கழுதைக்காரனையும் கட்டுவீங்களா?"

"தண்ணி இறைக்க ஒரு ஆள் வேணும். ஆறு ஏறினா கயிறைத் தளர்த்த ஒரு ஆள் வேணும். நீ வாய மூடிட்டு வந்தா எனக்கு ரெட்டைச் சந்தோஷம்."

அப்படித்தான் இலாஹியின் படகும் மச்சானின் படகும் பாலத்தின் நடுவில் அடுத்தடுத்து நின்றன. வடக்கே இலாஹி, அதற்குத் தெற்கே மச்சான். நான் கரையில் நாணல் அறுத்துப் பாலத்துக்குக் கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டிருந்தேன். மத்தியானத்தில் அக்கா கொடுத்துவிடும் சோள ரொட்டியும் கடுகுக்கீரையும் என் தலையில்தான் போகும். போகும்போதெல்லாம் மச்சான் படகின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருப்பார்.

"அடியில தண்ணி ஓடுது, மேல மனுசன் ஓடுறான், நான் மட்டும் நிக்கிறேன்" என்றார் ஒருநாள். "தலை சுத்துதுடா. பொறந்ததுலேர்ந்து படகுல வாந்தி எடுத்ததில்ல. நேத்து எடுத்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்துப் படகிலிருந்த அண்ணனிடம், "காலையில பனி கண்ணை மறைக்குது. அவுத்துட்டுப் போயிட்டா எவனுக்குத் தெரியும்? மேல ஹரீகே துறை தாண்டி நாணலுக்குள்ள சொருகிடலாம்" என்றார்.

இலாஹி தண்ணீர் இறைப்பதை நிறுத்தவில்லை. சாதுவான மனிதர். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பதில் வரும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்.

"நம்ம ரெண்டு பேர் முதுகு மேல எத்தனாயிரம் பேர் அந்தப் பக்கம் போயிருக்கான், எண்ணினியா? போனவன் வரணும்ல. வந்தப்புறம் போலாம்."

மச்சான் அவிழ்க்கவில்லை. கைக்கோடரியைக் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தார்.

தை மாதக் கடைசியில் மலைப்பக்கம் மழை. ஆறு ஒரே இரவில் ஒரு சாண் ஏறியது. மார்பளவுத் தண்ணீரில் நடந்தே கடக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடங்களெல்லாம் கழுத்தளவு ஆயின. மறுநாள் காலை மூடுபனி விலகியதும் பரங்கியின் பீரங்கிகள் பேசத் தொடங்கின. எங்கள் கரையில் அடுப்பின்மேல் இருந்த பானைகள் ஆடின. ஊர்ப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயல்பக்கம் ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. கரையில் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் வாய் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தது. இடையிடையே மச்சானைத் திட்டினாள். இரண்டும் ஒரே குரலில் வந்தன.

சூரியன் ஓரளவு ஏறியபோது எதிர்க்கரை மண்மேடுகளுக்குள் பரங்கி புகுந்துவிட்டான் என்று தெரிந்தது. கால்சா சுலபத்தில் விடவில்லை. ஒவ்வொரு பீரங்கிக்கும் பக்கத்தில் நின்று செத்தார்கள். ஆனால் இடம் சுருங்கச் சுருங்கப் பின்னால் இருந்தவர்கள் பாலத்துக்கு வந்தார்கள். குதிரை, மாடு, காயம்பட்டவன், காயம்பட்டவனைச் சுமந்தவன் எல்லாரும் ஒன்றாக ஏறினார்கள். பாலம் நடுவில் தொய்ந்தது. நாங்கள் கரையிலிருந்து கத்தினோம். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

முதலில் போனது இலாஹியின் படகு. ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தண்ணீர் உள்ளே பாய்ந்தது, அதை இரு பக்கமும் இணைத்திருந்த சங்கிலிகள் தெறித்தன. இலாஹி உள்ளே குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததை மச்சான் பார்த்தார். நிமிர்வதைப் பார்க்கவில்லை.

இனி நான் சொல்வது மச்சான் பிறகு பல வருஷங்களில் துண்டு துண்டாகச் சொன்னது.

அண்ணன் படகு இருந்த இடத்தில் வெறும் ஆறு. இப்போது தெற்குப் பாதியின் கடைசிப் படகு அவருடையது. பின்னால் இருப்பவர்களுக்குப் பாலம் அறுந்தது தெரியவில்லை. அவர்கள் தள்ள, முன்னால் இருப்பவர்கள் அவர் படகின் விளிம்பிலிருந்து கொத்துக் கொத்தாக ஆற்றில் விழுந்தார்கள். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல்தான் இடைவெளி. மச்சான் கோடரியை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கத்துக் கயிற்றுக்குப் போனார்.

அங்கே தோளில் காயத்தோடு ஒரு சிப்பாய் நின்றிருந்தான். திதார் சிங் என்று பெயர், தரன்தாரன் பக்கத்து ஆள். அது பிறகு தெரிந்தது. அவன் அடுத்த படகில் நின்ற ஒருவனைப் பார்த்து, "நிதான்! நிதான்!" என்று கூவிக்கொண்டிருந்தான். நீலத் தலைப்பாகை கட்டிய அந்த நிதான் சிங் அவனுடைய தம்பி. இரண்டு படகுகளுக்கும் இடையே பலகைமேல் ஆட்கள் அடைத்து நின்றதில் ஒருவராலும் ஒரு காலெடுத்து வைக்க முடியவில்லை.

திதார் சிங் கோடரியைப் பார்த்துவிட்டான். "என்னடா பண்ற?"

"வெட்டப் போறேன்."

"என் தம்பி அந்தப் படகுல நிக்கிறான்!"

"இது முங்கப் போவுது சர்தார்ஜி. இதுல நாப்பது பேருக்கு மேல நிக்கிறான்."

"அவன் தாண்டி வரட்டும்டா. ஒருத்தன்! ஒரே ஒருத்தன்!"

வாளின் முனை மச்சானின் கழுத்தில் பட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு போடு போட்டார். கயிறு அறுந்தது. பலகைகள் சரிந்து, அவற்றின்மேல் நின்றவர்கள் ஆற்றில் போனார்கள். படகு சுழன்று வெளியே வந்தது. கழுத்தில் இருந்த வாள் ஏன் இறங்கவில்லை என்பது திதார் சிங்குக்கே தெரியாது.

அந்தப் படகு எங்கள் கரையை நோக்கி வருவதை நானும் அக்காவும் பார்த்தோம். எதிர்க்கரையில் பரங்கி குதிரைகள் இழுக்கும் பீரங்கிகளை நீர்விளிம்புக்கே கொண்டுவந்து நீந்துகிறவர்கள்மேல் சுட்டான். தண்ணீர் மழையில் கொப்பளிப்பதுபோல் கொப்பளித்தது. படகில் வந்தவர்களை இறக்கிவிட்டு மச்சான் திரும்பவும் போனார். அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "போகாத! போகாத!" என்று கத்தினாள். போய்ப் பதினொரு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் தடவை போகும்போது குண்டுபட்டுப் படகு பிளந்தது. நீந்தி வந்தார். கரையில் ஏறியதும் நடுங்கிக்கொண்டே நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார்.

திதார் சிங் கரையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சானைக் கண்டதும் எழுந்தான்.

"உன் பேர் என்ன? எந்தத் துறை?"

"வர்யாம். இந்தத் துறைதான்."

"வருவேன்" என்றான். "தோள் ஆறட்டும். வருவேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கொல்ல வரேங்கறவன்கிட்ட வீட்டு அடையாளம் சொல்ற ஒரே ஆள் ஹிந்துஸ்தான்லயே நீதான்!"

"பேர் கேட்டான். சொன்னேன்" என்றார் மச்சான்.

மூன்றாம் நாள் இலாஹியின் உடல் ஒரு காதம் கீழே நாணலில் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிசம் மரத்தடியில் அடக்கினோம். அதற்குள் பரங்கி லாகூரை நோக்கிப் போய்விட்டிருந்தான்.

அதற்குப் பிறகு மச்சானால் கரையிலும் இருக்க முடியவில்லை, தண்ணீரிலும் இருக்க முடியவில்லை. விடியற்காலையில் எழுந்து தரன்தாரன் பாதையில் அரைக் காதம் நடந்து போய் நின்று பார்த்துவிட்டு வருவார். யாராவது ஒரு சீக்கியர் தோளைச் சாய்த்து நடந்து வந்தால் எதிரே போய் முகத்தைப் பார்ப்பார். "வர்றவன் வந்து தொலைக்கட்டும். வந்தா ஒரு விஷயம் சொல்லணும்" என்பார். என்ன விஷயம் என்று கேட்டால், "உனக்கில்ல. அவனுக்கு" என்பார்.

ஒருநாள் திதார் சிங் வந்தான்.

வைகாசி வெயில். மச்சான் புதுப்படகுக்கு மரம் பார்க்க ஹரீகே போயிருந்தார். அக்கா தந்தூர் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வலை பின்னிக்கொண்டிருந்தேன். இடுப்பில் வாளோடு வாசலில் வந்து நின்றவனை இருவருக்கும் உடனே அடையாளம் தெரிந்தது.

"வர்யாம் இருக்கானா?"

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "செத்துட்டாரு" என்றாள். "அந்தப் போர் முடிஞ்ச வாரமே. குளிர்சுரம்." எழுந்து அவனைச் சிசம் மரத்தடிக்கு அழைத்துப்போய் இலாஹியின் மண்மேட்டைக் காட்டினாள். அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. இலாஹி அவளுக்கு அண்ணனைப் போன்றவர்.

திதார் சிங் வெகுநேரம் அந்த மண்ணைப் பார்த்தான். அவனுடைய வலது கை வாளின் பிடியிலிருந்து மெல்ல விலகியது.

"பாலத்தைப் பத்தி ஏதாவது சொன்னானா? சாகறதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் சொல்லல."

"என் தம்பியப் பத்தி?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். திதார் சிங் அக்கா கொடுத்த ரொட்டியை வாங்கினான். தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

அவன் கண்ணுக்கு மறைந்ததும் அக்கா என் கையைப் பிடித்துத் தந்தூரின் சூட்டுக்கு மேலே வைத்தாள். "மச்சான்கிட்ட மூச்சு விட்டன்னா இதுக்குள்ள தள்ளிடுவேன்."

"சொன்னா அவரு நிம்மதியா இருப்பாருக்கா. இனிமே அவன் வரமாட்டான்னு தெரிஞ்சுடும்ல?"

"உனக்கு அவரைத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? சொன்ன மறுநிமிஷம் செருப்பு போடாம ஓடி, 'நான் உசிரோடதான் இருக்கேன் சர்தார்ஜி'ன்னு அவன் வாசல்ல போய் நிப்பாரு."

அது உண்மைதான். நான் வாயை மூடிக்கொண்டேன். இனி வரவே போகாத ஒருவனுக்காக மச்சான் ஏறக்குறைய மூன்று வருஷம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். அவருடைய கன்னம் ஒட்டிப்போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார். ஒரு தடவை வீட்டின் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்ந்தார். அது முடிந்த பத்தாம் நாள் நன்றாக இருந்த கூரையை மறுபடி பிரித்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதையாவது பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பரங்கியோடு இரண்டாவது சண்டை வந்தது. சினாப் ஆற்றில் படகுக்காரர்கள் தேவை என்ற பேச்சு வந்ததுமே மச்சான் துணிமூட்டையைக் கட்டினார். "கால்சாச் சிப்பாய்ங்க எல்லாரும் அந்தப் பக்கம்தான் போறாங்க. அவனும் இருப்பான்" என்றார். அக்கா காலைக் கட்டிக்கொண்டாள். "அவன் வரமாட்டான்" என்றுகூட ஒரு தரம் வாய்விட்டாள். அவர் அதைச் சும்மா ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். போய்விட்டார். வஜீராபாத் துறையில் கூலிக்கு ஓடம் தள்ளினார். குளிர்காலம் முழுக்கக் கரை மாறிக் கரை படைகளைப் பார்த்தார். அவர் தேடிய முகம் வரவில்லை.

பங்குனியில் எல்லாம் முடிந்தது. ராவல்பிண்டியில் ஆயுதங்களைக் குவியலாகப் போட்டுவிட்டுக் கால்சாச் சிப்பாய்கள் வெறுங்கையோடு ஊர்களுக்கு நடந்தார்கள். சினாபைக் கடந்துதான் போகவேண்டும். நாள் முழுவதும் ஓடம் ஓடமாக ஆட்கள். யாரும் அதிகம் பேசவில்லை. இடுப்பில் வாள் இருந்த இடத்தைக் கை அடிக்கடி போய்த் தடவிவிட்டு வரும் என்று மச்சான் சொல்வார்.

அப்படி ஒரு ஓடத்தில் முப்பது பேர். நடு ஆற்றில் போகும்போது ஒருவன் எழுந்து நின்று அவரையே பார்த்தான். தாடி பாதி நரைத்திருந்தது. தோள் சாய்ந்திருந்தது. அந்த ஓடத்தில் நடந்ததை இருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

"நீ செத்துட்டல்ல?" என்றான் திதார் சிங்.

"யார் சொன்னா?"

"உன் பொண்டாட்டி! மண்ணைக் காட்டினா! நான் அந்த மண்ணுகிட்ட எவ்வளவு நேரம் நின்னேன்டா!"

"அது என் அண்ணன் மண்ணு."

அடுத்த கணம் திதார் சிங்கின் இரண்டு கைகளும் மச்சானின் கழுத்தில் இருந்தன. கழி ஆற்றில் நழுவியது. ஓடம் குறுக்கே திரும்பியது. சிப்பாய்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு கிழவர், "சண்டை முடிஞ்சுதுடா மடையங்களா, உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்று கத்தினார்.

மச்சான் மூச்சுத் திணறிக்கொண்டே, "கரைக்குப் போய்... முப்பது பேர்..." என்றார்.

திதார் சிங்கின் கை தளர்ந்தது. "அன்னைக்கும் நீ ஆள்கணக்குதான் சொன்ன" என்றான். சொல்லிவிட்டு ஓடத்தின் அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டான். மச்சான் ஒரு பலகையைப் பெயர்த்துத் துடுப்பாக்கி ஓடத்தைக் கரைசேர்த்தார்.

கரையில் மற்றவர்கள் போகக் காத்திருந்து, மூன்று வருஷமாகச் சுமந்ததைச் சொன்னார். "உன் தம்பி தண்ணியில விழல. நான் வெட்டின கையோட நிமிர்ந்தேன். நீலத் தலைப்பாகை. நீ படகுக்குள்ள விழுந்து கெடந்த, உனக்குத் தெரிஞ்சிருக்காது. அவன் இந்தப் பக்கம் பார்த்தான். நீ இருக்கியான்னு பார்த்தான்னு நினைக்கிறேன். அப்புறம் திரும்பிட்டான். பின்னால நின்னவங்களையும் திருப்பினான். கூட ஏழெட்டுப் பேர். வந்த வழியே, மண்மேட்டுக்கே போயிட்டாங்க. வாளை உருவிக்கிட்டுப் போனாங்க."

"தண்ணியில போகலியா?"

"போகல. நான் பார்த்தேன்."

திதார் சிங் மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டான். "மூணு வருஷமா நான் தண்ணி குடிக்கும்போதெல்லாம் அவன் முகம் உள்ளேர்ந்து பார்த்துச்சு" என்றான். பிறகு, "நீ வெட்டலைன்னா அவன் வந்திருப்பான்" என்றான்.

"வந்திருக்கலாம். முங்கியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உன்னைத் தேடினேன். எனக்குத் தெரியாது."

"இதுக்கு என்னடா அர்த்தம்? மன்னிப்புக் கேக்கிறியா?"

"இல்ல. பார்த்ததைச் சொல்றேன்."

அவன் அவரைக் கொல்லவுமில்லை, கட்டித் தழுவவுமில்லை. "இடத்தைக் காட்டு" என்றான். இரண்டு பேரும் கிளம்பி, ராவியைக் கடந்து, ஏழெட்டு நாள் நடந்தார்கள். வழியெல்லாம் சண்டை. ஒருவர் முன்னால் போனால் மற்றவர் பின்னாலிருந்து திட்டுவார். ராத்தங்கலில் ஒருவர் ரொட்டியை மற்றவர் சுட்டுக் கருக்கினார் என்று அதற்கொரு தகராறு.

அவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முதலில் ஒருவரைப் பார்த்தாள், பிறகு மற்றவரை. முகம் வெளுத்தது. ஆனால் வாய் அவளைக் கைவிடவில்லை.

"செத்தவரும் வந்துட்டாரு, கொல்ல வந்தவரும் வந்துட்டாரு. ரெண்டு பேருக்கும் ரொட்டி சுடுறவ நான்தான்."

திதார் சிங்கிற்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். மச்சான் சிரிக்கவில்லை.

"மூணு வருஷம் ஸைனோ" என்றார். "தினம் பாதையில போய் நின்னேன். நீ பார்த்துக்கிட்டே இருந்த."

"பார்த்தேன்" என்றாள் அக்கா. "உசிரோட நின்ன. அதைத்தான் பார்த்தேன்."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் என்னை அடிப்பார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை.

மறுநாள் மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம். அந்த மூன்று வருஷத்தில் சட்லஜ் தெற்கே நகர்ந்திருந்தது. பாலத்தின் நடுப்பகுதி இருந்த இடம் இப்போது மணல் திட்டு. தோட்டப்பயிர் செய்யும் அராயின் சாதிக் குடும்பம் ஒன்று அதில் முலாம்பழம் போட்டிருந்தது. கொடி படர்ந்து மஞ்சள் பூ விட்டிருந்தது, அங்கங்கே கட்டைவிரல் அளவு பிஞ்சு. மச்சான் சிசம் மரத்தையும் எதிர்க்கரை மேட்டையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குப் போட்டு, நான்கு அடி நடந்து நின்றார்.

"என் படகு இங்க. அண்ணன் அங்க. உன் தம்பி..." கையை நீட்டினார். "அந்தக் கொடிகிட்ட."

திதார் சிங் போய் நின்றான். தோட்டக்காரன் தூரத்திலிருந்து, "ஓய், பூவை மிதிக்காத!" என்று கத்தினான். திதார் சிங் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டான். தலைப்பாகையைச் சரிசெய்தான். அவன் உதடு அசைவது தெரிந்தது. நானும் மச்சானும் வேறு பக்கம் பார்த்தோம். அதற்குப் பிறகு ஆற்றைக் கடந்து மண்மேடுகள் இருந்த இடத்துக்கும் போனோம். பாதியை உழுதுவிட்டிருந்தார்கள். நிதான் சிங் எங்கே விழுந்தான் என்று காட்ட அங்கே யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் திதார் சிங் ஊருக்குக் கிளம்பினான். "அம்மாகிட்ட சொல்லணும்" என்றான். "முங்கிட்டான்னு சொல்லியிருந்தேன். திரும்பிப் போனான்னு சொல்லணும்." மச்சானிடம் விடைபெறவில்லை. அக்காவிடம், "அன்னைக்கு ரொட்டி நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான். அடுத்த அறுப்புக்கு அவன் வீட்டிலிருந்து ஒரு மூட்டை கோதுமை வந்தது. யாருக்கு என்று கொண்டுவந்தவன் சொல்லவில்லை. அக்கா வாங்கி உள்ளே வைத்தாள்.

மச்சான் முழுக்கத் தேறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். பாதையில் போய் நிற்பது நின்றது. கூரையைப் பிரிக்கவில்லை. ஆனால் படகில் ஆள் ஏறும்போது உதடு தானாக எண்ணும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஆளை ஏற்றமாட்டார். தாசில்தார் வந்து கரையில் நின்று அதட்டியும் ஏற்றவில்லை. சில நாள் சாப்பாட்டுக்கு நடுவே, "வந்திருக்கலாம்" என்பார். நாங்கள் யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதிலாக.

அக்காவை ஒரு மாதத்தில் மன்னித்தார். என்னோடு ஒரு வருஷத்துக்கும் மேல் பேசவில்லை. ஒரே படகில் அவர் முன்னால் கழி போடுவார், நான் பின்னால் சுக்கான் பிடிப்பேன், ஒரு சொல் கிடையாது. என் கல்யாணத்துக்கு வந்தார், பேசாமல் உட்கார்ந்தார். என் பெண்சாதிகூட, "உங்க மச்சானுக்கு வாய் பேச வராதா?" என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் ஈத் அன்று எல்லாரும் தரையில் விரித்த ஒரே துணியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் ஒரு கவளம் வாயில் போட்டார், முகத்தைச் சுளித்தார், துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். உப்புக்கிண்ணம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"டேய்" என்றார். "உப்பை இப்படித் தள்ளு."

தள்ளினேன். அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே எழுந்து போனாள்.